பதினெட்டாவது கிலோமீட்டர்

ஆக்சிஜன் ரூமின் அலாரம் 'கீய்ங்' என்று அலறிய அதே நொடியில், மேஜை மேல் கிடந்த சேரனின் செல்போனும் அடிக்க ஆரம்பித்தது.

அசோகன் முதலில் ஓடியது அலாரத்துக்குத்தான். இடது வரிசை சிலிண்டர்கள் காலி. வலது வரிசை வால்வைத் திறந்தான், இடதை மூடினான், முள் மேலே ஏறும்வரை கண்ணெடுக்காமல் நின்றான். ஏறிவிட்டது. மேலே நான்கு மாடிகளிலும் மூக்கில் குழாயோடு படுத்திருப்பவர்களுக்குக் கீழே இப்படியொரு ரூம் இருப்பதே தெரியாது. தெரியாமல் இருக்கும்வரை இந்த வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

அலாரம் அடங்கியது. போன் அடங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு ஐந்து.

"ஹலோ, மிஸ்டர் சேரனா?" பெண் குரல். பின்னணியில் மேளச் சத்தம், விசில், மைக்கில் யாரோ உற்சாகமாகக் கத்துவது.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டான் அசோகன். நேற்று இரவு எட்டு மணியிலிருந்து இந்த ரூமில் அவன் சேரன்தான். ரிஜிஸ்டரில் அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"நான் ஸ்ரீரஞ்சனி. மாரத்தான் மெடிக்கல் டென்ட்ல வாலண்டியர். பதறாதீங்க சார். உங்க ஃபிரெண்ட் அசோகன் பதினாறாவது கிலோமீட்டர்ல மயங்கி விழுந்துட்டார். எமர்ஜென்சிக்குக் கூப்பிடறதுக்கு உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கார்."

தான் மயங்கி விழுந்துவிட்ட செய்தியைத் தன் காதாலேயே கேட்டான் அசோகன்.

"இப்ப... இப்ப எப்படி இருக்காருங்க?"

"சுகர் ரொம்ப இறங்கியிருந்தது. குளுக்கோஸ் குடுத்தோம், எழுந்து உக்காந்துட்டார். அவருக்கு சுகர், பிரஷர் ஏதாவது உண்டா? மாத்திரை எடுத்துக்கறாரா? ஃபார்ம்ல எதுவும் இல்லைன்னு இருக்கு. அவரும் இல்லைன்னுதான் சொல்றார்."

ஃபார்மை நிரப்பியது அசோகன். எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் அடித்தது அவன்தான். அவனைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

"ஓகே சார். வெறும் வயித்துல ஓடியிருப்பார். டாக்டர் இன்னும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் பார்த்துட்டு விட்டுடலாம்னார். முடிச்சே தீருவேன்னு ஒரே அடம்!" அவள் சிரித்தபடியே போனை வைத்துவிட்டாள்.

அசோகன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

தேனாம்பேட்டையில் நூறு படுக்கை கொண்ட அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அசோகனும் சேரனும் ஏழு வருடமாகக் காண்ட்ராக்ட் ஆட்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை ஒருவன், இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை மற்றவன். வாரம் ஒருமுறை பகலும் இரவும் இடம் மாறும். வார விடுமுறைக்கு ஃபராஸ் என்று மூன்றாவது ஆள். ஆக்சிஜன் ரூமை ஒரு நிமிடம்கூடக் காலியாக விடக் கூடாது. ரிலீவர் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் இருக்கிறவன் வாசலைத் தாண்டலாம். ஆகவே ஏழு வருட சிநேகிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததெல்லாம் பத்துப் பத்து நிமிடமாகத்தான்.

"ஒரே ரூம்ல குடித்தனம், ஒரு நாள்கூட ஒண்ணா இருந்ததில்ல. என்னா ஜோடி பாய் நீங்க!" என்று ஃபராஸ் கேலி செய்வான்.

ஓட ஆரம்பித்த கதை வேடிக்கையானது. போன ஜூனில் ஒரு நாள், சரியாக ரிலீவிங் நேரத்தில், லிஃப்ட் நின்றுவிட்டது. ஃபராஸை உள்ளே உட்கார வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சின்ன சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறினார்கள். ஏறி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றவர்களைப் பார்த்து வார்டு சிஸ்டர் கேட்டாள். "இது பேஷன்ட்டுக்கா, இல்ல உங்களுக்கா?"

மறுநாளே ஓட்டம் தொடங்கியது. சேர்ந்து அல்ல. சேர்ந்து ஓட வழியே கிடையாது. ஒருவன் ஓடும்போது மற்றவன் டூட்டியில் இருப்பான். சைதாப்பேட்டைக்காரனான அசோகன் பகல் டூட்டி வாரத்தில் நாலரைக்கு எழுந்து ஓடுவான். இரவு டூட்டி வாரத்தில் எட்டு மணிக்கு வேலை முடிந்து, மண்டை காயும் வெயிலில் மெரினாவில் ஓடிவிட்டு, வீட்டுக்குப் போய் ஜன்னலில் போர்வையைக் கட்டித் தூங்குவான். ஆற்றங்கரைக் குடிசைகளை அரசு அகற்றியபோது சேரனை அடையாற்றங்கரையிலிருந்து கிளப்பிப் பெரும்பாக்கத்தில் கொண்டு போய்க் குடிவைத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் பஸ். அவன் தூங்கி எழும் நேரம் சாயங்காலம் நான்கு என்றால் அதுதான் அவனுக்கு விடியல். நாலு மணிக்கு இட்லி கேட்டு வாங்கித் தின்றுவிட்டு ஓடுவான்.

ஓட்டத்துக்கென்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைக்கடிகாரம் வாங்கினார்கள். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், எங்கே நின்றோம் என்று எல்லாம் காட்டுகிற வாட்ச். டூட்டி மாற்றும்போது ரூம் சாவி, ரிஜிஸ்டரோடு அதுவும் கைமாறும். ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 'அ 8, சே 6, அ 10, சே 11' என்று இருவரின் கணக்கும் ஏறிக்கொண்டே போனது.

அரை மாரத்தான், இருபத்தோரு கிலோமீட்டர். ஒருவன்தான் ஓட முடியும், இன்னொருவன் ரூமில் இருக்க வேண்டும் என்பதால் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அசோகன் பெயர் வந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் என்ற இடத்தில் அவன் சேரனின் நம்பரை எழுதினான். மனைவி நம்பரைக் கொடுத்து, ஏதாவது போன் போனால் முதலில் அவள்தான் மயங்கி விழுவாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வியாழக்கிழமை வரை.

அன்று விடிகாலை அசோகன் பந்தயம் போகிற பாதையிலேயே ஒரு முறை ஓடிப் பார்த்தான். கலங்கரை விளக்கத்திலிருந்து கிளம்பி, சாந்தோம், ராஜா அண்ணாமலைபுரம் சந்துகளெல்லாம் சுற்றி, பாலம் ஏறி, அடையாறு. பதினேழு வரை குறையில்லை. பதினெட்டில், பெசன்ட் நகர் போகும் வழியில், இரண்டு கால்களும் மரக்கட்டையாகிவிட்டன. பக்கத்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை. நாற்பத்தோரு வயது ஆம்பிளைக்கு அங்கே உட்கார்ந்தபடி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மாள், "இன்னா நைனா, ஒடம்பு முடியலையா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அரை மணி நேரம் அங்கேயே இருந்தான்.

ஆறு மாதம் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. மகளின் பள்ளிக்கூடம்வரை சேதி போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் எதிரில் அதே பஸ் ஸ்டாப்பில் உட்கார நேர்ந்தால்? வீட்டுக்கு வந்ததும் தன் போனைத் திறந்து, வாட்சிலிருந்து அதில் ஏறியிருந்த அன்றைய ஓட்டத்தை அழித்தான். டூட்டி மாற்றும்போது சேரனிடம், "முட்டி புடிச்சுகிச்சு மச்சி. நீ ஓடு. சனிக்கிழமை உன் நைட்டை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னான்.

சேரன் அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். "நெசமாவா?"

"நெசமாத்தான்டா. காலை மடக்கவே முடில."

கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் என்று ஏழு வருடமாக அவர்கள் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்தவர்கள். இதையும் அப்படித்தான் மாற்றிக்கொண்டார்கள். முறைப்படி மாற்ற ஒரு வாரம் முன்பே எழுதித் தர வேண்டும். மூன்று நாள்தான் இருந்தது. அதனால் சேரன் அசோகனின் பந்தய நம்பரை நெஞ்சில் குத்திக்கொண்டு ரோட்டில். அசோகன் சேரனின் கையெழுத்தைப் போட்டுவிட்டு ரூமில்.

மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் ராகவேந்திரன் போன மாதம்தான் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். "ஒருத்தன் கையெழுத்தை இன்னொருத்தன் போட்டான்னு தெரிஞ்சா, மறுநாள்லேர்ந்து ரெண்டு பேரும் வர வேண்டாம். இது ஆக்சிஜன். சினிமா டிக்கெட் இல்லை."

அசோகன் எழுந்து ரூமுக்குள் நடந்தான். குளுக்கோஸ் கொடுத்தாயிற்று, எழுந்து உட்கார்ந்துவிட்டான், அப்புறம் என்ன? ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது.

மாத்திரை எடுத்துக்கறாரா என்று அந்தப் பெண் கேட்டாள்.

நேற்று இரவு சேரன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். ஆம்புலன்ஸ் டிரைவர்கள் படுக்கும் ஷெட்டில் தூங்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்கு பரோட்டா பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டான். அப்போது அசோகன் கேட்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தவன், மூன்றே காலுக்குக் கடும் டீயோடு இன்னொன்றை விழுங்கினான்.

"இன்னாடா அது?"

"விட்டமின் மச்சி. தெம்புக்கு."

"எதுனா துன்னுட்டுப் போடா."

"துன்னா ஓட முடியாது. வயித்த இழுக்கும்." போனையும் பையையும் மேஜை மேல் வைத்துவிட்டு, "பத்ரமா பாத்துக்கோ, உன் பேரை நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தபடி போனான்.

அசோகன் அந்தப் பையைத் திறந்தான். மாற்றுச் சட்டை, துண்டு, சீப்பு. அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் பச்சை நிற அட்டை. அதைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் அம்மா பத்து வருடமாக விழுங்குவது இதே அட்டையைத்தான். சுகர் மாத்திரை.

தன் போனை எடுத்து சேரனின் மனைவி தமிழ்நிலாவைக் கூப்பிட்டான்.

"இன்னாண்ணே, ஓடி முடிச்சாரா?" அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"ஓடிகினுதான் கீறாரும்மா. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. சேரனுக்கு சுகரா?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தமிழு?"

"தை மாசத்துலேர்ந்து கீதுண்ணே. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. காண்ட்ராக்டைப் புதுப்பிக்கறப்ப மெடிக்கல் எடுப்பாங்களாமே, கழிச்சுக் கட்டிடுவாங்கன்னு. ஏன்ணே, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. மாத்திரை எப்பப்ப போடுவான்?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு. காலீல எழுந்ததும் ஒண்ணு. எங்க, இவருக்குத்தான் டூட்டி மாறி மாறி எது காலை எது ராத்திரின்னே தெரியாதே. எழுந்தா காலைம்பாரு."

எழுந்தால் காலை. ஒன்பதரைக்கு ராத்திரி மாத்திரை. மூன்று மணிக்கு எழுந்தான், அது அவனுக்குக் காலை, ஆகவே காலை மாத்திரை. இடையில் ஆறு மணி நேரம்கூட இல்லை. வெறும் வயிறு. பதினாறு கிலோமீட்டர் ஓட்டம்.

போன மாதம் இதே ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரைக் கொண்டு வந்தார்கள். சுகர் இறங்கி மயக்கம். குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிவாகப் பேசினார், ஆட்டோவில் வீட்டுக்குப் போனார். சாயங்காலம் மறுபடி தூக்கிக்கொண்டு வந்தபோது நேராக ஐ.சி.யூ. 'மாத்திரை உடம்புக்குள்ள இருக்கறவரைக்கும் சுகரை இறக்கிக்கிட்டேதான் இருக்கும், விட்டுட்டு வந்துட்டாங்களே' என்று சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள்.

டென்ட்டில் இருப்பவர்களுக்கு மாத்திரை விஷயம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க என்று சொன்னவன் அவன்தான்.

"தமிழு, சேரன் போன் லாக் நம்பர் இன்னா?"

"பாப்பா பொறந்த நாளு. ஜீரோ ஏழு ஒண்ணு ஒண்ணு. அண்ணே, எனக்கு பயமா கீதுண்ணே—"

"அப்புறம் பேசறேன்மா."

அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறை திறந்தான். கடைசியாக வந்த நம்பர். கூப்பிட்டான். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார். மறுபடி கூப்பிட்டான். அடித்தது, அடித்தது, நின்றது. மணி ஏழு இருபத்திரண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் என்றாளே.

மறுபடி அழுத்தி, காதில் வைத்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

ராகவேந்திரன். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நடை வந்து பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"என்னடா அசோகா, இன்னிக்கு உனக்கு ஆஃப் ஆச்சே? சேரன் எங்கே?"

டாய்லெட் போயிருக்கான் சார். வாய்வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. அதைச் சொன்னால் அவர் அடுத்த ரூமுக்குப் போய்விடுவார். இரண்டு பேர் வேலையும் தப்பித்துவிடும்.

"சொல்லுங்க சார்" என்றது போனில் ஸ்ரீரஞ்சனியின் குரல்.

அசோகன் ராகவேந்திரனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே பேசினான்.

"மேடம், அவரை விட்டுடாதீங்க. அவருக்கு சுகர் இருக்கு. ஒன்பதரைக்கு ஒரு மாத்திரை, மூணே காலுக்கு இன்னொரு மாத்திரை போட்டிருக்கார். ராத்திரிக்கப்புறம் ஒண்ணுமே சாப்பிடல."

"சார், ஃபார்ம்ல எதுவும்—"

"ஃபார்ம்ல இருக்கறது நானுங்க. அசோகன் நான்தான். அங்க கீறவர் சேரன். என் நம்பரைப் போட்டுக்கினு ஓடறார்."

ஒரு கணம் மேளச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஐயோ, அவர் கெளம்பிட்டாரே! இப்பத்தான்... டாக்டர்! டாக்டர்!" யாரோ ஓடும் சத்தம். "அந்த சைக்கிள்காரரைக் கூப்பிடுங்க, மஞ்சள் பனியன்..." லைன் அறுந்தது.

அசோகன் திரும்ப அழுத்தினான். யாரும் எடுக்கவில்லை.

ராகவேந்திரன் உள்ளே வந்தார். "சேரனுக்கு சுகரா?"

"ஆமா சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவன்."

"கழிச்சுக் கட்டிடுவீங்கன்னு பயம் சார்."

அவர் மேஜைக்கு வந்து ரிஜிஸ்டரைத் திருப்பினார். ஒவ்வொரு மணிக்கும் பிரஷர் அளவு, பக்கத்தில் சேரனின் பெயர். ஒரு மணி நேரம்கூட விட்டுப்போகவில்லை.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "அடி. எல்லாத்தையும் அடிச்சுட்டு உன் பேரைப் போடு."

"சார், அப்புறம் போடறேன் சார், அவன் அங்க—"

"அடிச்சுட்டுப் போடா. நாளைக்கு ஒரு விசாரணைன்னு வந்தா, ராத்திரி பூரா இந்த ரூம்ல யார் இருந்தான்னு எழுத்துல இருக்கணும்."

பன்னிரண்டு கையெழுத்து. அசோகன் ஒவ்வொன்றாக அடித்தான், பக்கத்தில் தன் பெயரை எழுதினான். அவன் வாழ்க்கையில் தன் பெயர் இவ்வளவு நீளமாக இருந்ததே இல்லை. கடைசிக் கையெழுத்தைப் போட்டபோது காகிதம் கிழிந்துவிட்டது.

ராகவேந்திரன் ஸ்டூலை இழுத்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு அதில் உட்கார்ந்தார். "ரூம் காலியில்லை. நான் உக்காந்துண்டிருக்கேன். ஃபராஸ் வந்ததும் எழுந்துக்கறேன். நீ போ."

"சார், எங்க வேலை..."

"அது நாளைக்கு. போன்னா போ!"

பதினாறாவது கிலோமீட்டர் அடையாறில் வரும் என்று வியாழக்கிழமை ஓடியதில் தெரியும். வாசலில் முதலில் கிடைத்த ஆட்டோவில் ஏறினான். டிரைவர் அம்மாசி என்று சீட்டுக்குப் பின்னால் எழுதியிருந்தது. ஆழ்வார்பேட்டை தாண்டும்போதே அம்மாசி புலம்ப ஆரம்பித்தார். "அடையாறா? பாலத்தாண்ட வுட மாட்டான் சார். வேலையத்தவன்லாம் ஓடறானாம், ரோட்டை அடைச்சு வெச்சுகினு கீறானுங்க."

"வேலைல கீறவனும் ஓடறாண்ணே. கொஞ்சம் வேகமா போ."

வழி முழுக்க அசோகன் அந்த நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தான். அடிக்கிறது, எடுப்பாரில்லை. இதற்கு நடுவில் சேரனின் போனில் தமிழ்நிலாவின் பெயர் மின்னியது. எடுக்கத் தைரியம் வரவில்லை. எடுத்து என்ன சொல்வது? என் முட்டியில் ஒரு வலியும் இல்லை, தோற்றுவிடுவேன் என்று பயந்து உன் புருஷனை அனுப்பினேன் என்றா?

கிரீன்வேஸ் ரோடு முனையில் தடுப்பு. போலீஸ்காரர் கையைக் காட்டினார். "வண்டி போவாது. திருப்பு, திருப்பு."

அசோகன் இறங்கினான். ஒரு கையால் ஆட்டோவுக்குப் பணத்தைத் திணித்துவிட்டுத் தடுப்பைத் தாண்டிக் குதித்தான். பாலம் நீளமாகக் கிடந்தது. அதன் மேல் மஞ்சள் பனியன்களும் நீலப் பனியன்களும் தளர்ந்து போய் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், ஆஸ்பத்திரி யூனிஃபார்மில், இரும்பு மூக்கு வைத்த கனமான ஷூவோடு, ராத்திரி முழுக்க டூட்டி பார்த்தவன் ஓட ஆரம்பித்தான்.

"கமான் அங்கிள்! கமான்!" கைதட்டினார்கள் ஓரத்தில் நின்ற பிள்ளைகள். "நம்பர் எங்க அங்கிள்?"

நம்பர் போய் விழுந்து கிடக்கிறதடா கண்ணுங்களா.

கீழே ஆறு கறுப்பாகக் கிடந்தது. ஷூ குதிகாலை அறுத்தது. ஓர் ஆம்புலன்ஸ் எதிர்த் திசையில் சைரனோடு வந்தது. கண்ணாடிக்குள் யார் என்று எட்டிப் பார்ப்பதற்குள் கடந்துவிட்டது. அசோகனுக்கு ஒரு நொடி கால் நின்றுபோனது. அது சேரனாக இருந்தால்? அந்தப் பக்கம் ஓடுவதா, இந்தப் பக்கம் ஓடுவதா? நம்பரை அழுத்தினான். அடித்தது. எடுக்கவில்லை. டென்ட் பக்கமே ஓடினான். வியாழக்கிழமை பதினெட்டில் செத்துப்போன கால்கள் இன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் அவற்றைக் கேட்கவில்லை.

அடையாறு பஸ் டிப்போவுக்குச் சற்று முன்னால் வெள்ளை டென்ட். வாசலில் ஒல்லியாக ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் போனை வைத்துக்கொண்டு அது அடிப்பதைக்கூடக் கவனிக்காமல் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி யூனிஃபார்மைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"நீங்க... உண்மையான அசோகனா?"

"அவன் எங்கங்க?"

"உள்ள. இருநூறு மீட்டர்கூடப் போகல சார், தள்ளாட ஆரம்பிச்சுட்டார். சைக்கிள்ல துரத்திப் பிடிச்சோம். டெஸ்ட் பண்ணா சுகர் மறுபடி இறங்கி நாப்பத்தஞ்சு! நீங்க மட்டும் சொல்லலேன்னா..." முடிக்காமல் நிறுத்தினாள். "ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு. நாள் பூரா வெச்சுப் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்புறம் சார், இன்னொருத்தர் நம்பர்ல ஓடினதுக்கு உங்க ரெண்டு பேரையும் இனிமே சேர்த்துக்க மாட்டாங்க. நான் சொல்ல வேண்டியது, சொல்லிட்டேன்."

உள்ளே மடக்குக் கட்டிலில் சேரன் படுத்திருந்தான். கையில் டிரிப்ஸ். முகம் சாம்பல் பூத்திருந்தது. பனியன் தொப்பலாக நனைந்து, நெஞ்சில் குத்திய நம்பருக்குக் கீழே 'அசோகன்' என்ற எழுத்து மட்டும் கசங்காமல் இருந்தது.

அசோகன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. இத்தனை வருடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே இப்படி இருந்ததே இல்லை.

"ரூம்ல யாரு?" என்றான் சேரன். குரல் கம்மியிருந்தது.

"ராகவேந்திரன் சார்."

சேரன் கண்ணை மூடிக்கொண்டான். "போச்சா வேலை?"

"தெர்ல. நாளைக்குத்தான் தெரியும். உன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதிட்டு வந்துட்டேன்."

"எனக்கு சுகர்னும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"தமிழுக்கு?"

"அதுக்கு நீயே பேசு. எனக்குப் பயமா கீது." அசோகன் போனை அவன் நெஞ்சின் மேல் வைத்தான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் பொங்கியது. "ஏன்டா, விழுந்து எழுந்தவன் சும்மா உக்காந்து கீறதுக்கு இன்னா? இன்னும் அஞ்சு கிலோமீட்டர் ஓடி இன்னாத்தை வாரிக் கட்டிக்கப் போற? செத்துகித்துப் போயிருந்தேன்னா நான் யார் மூஞ்சில முழிப்பேன்? யார்றா உன்னை முடிச்சே தீரணும்னு சொன்னது?"

சேரன் மெதுவாக இடது கையைத் தூக்கினான். மணிக்கட்டில் அந்த வாட்ச். கட்டை விரலால் அதன் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, அசோகனின் முகத்துக்கு நேரே காட்டினான். சின்னத் திரையில் வியாழக்கிழமை என்றிருந்தது. பதினெட்டு கிலோமீட்டர். அதற்குக் கீழே வரைபடத்தில் அந்த பஸ் ஸ்டாப்பின் மேல் ஒரு புள்ளி, நின்ற நேரம்: முப்பத்தொரு நிமிடம்.

"போன்ல அழிச்சவன் இதுல அழிக்க மறந்துட்டியே மச்சி... அந்த பஸ் ஸ்டாப்பை உன் பேராவது தாண்டட்டும்னுதான் ஓடினேன்."